கலயமும் கடையும்: பினாங்கு வட்டாரத் தமிழர் வரலாற்றில் கள்

முன்னுரை

கள்ளைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் இரு திறத்தினர். ஒரு திறத்தார், அது தமிழர் குடியைக் கெடுத்த நஞ்சு என்பர். மற்றொரு திறத்தார், அது பழந்தமிழர் பருகிய இயற்கைப் பானம் என்பர். இரு திறத்தாரும் கள் நிறைந்த கலயத்தின் உள்ளே நிகழ்வது யாது என்று நோக்குவதில்லை. நல்ல பதத்தில் இருந்த கள் ஏன் புளித்தது? ஏன் நாறியது? ஏன் சில வேளைகளில் உண்டாரின் உயிரையே கொண்டது? இவ்வினாக்களுக்கு விடை காண முயன்றால், அவ்விடை வேதியியலோடு நில்லாது வரலாற்றுக்குள்ளும் புகுகின்றது. மலாயாவுக்குத் தொழிலாளராய் வந்த தமிழர், குறிப்பாகப் பினாங்குத் தீவிலும் எதிர்க்கரையாகிய செபராங் பிறையிலும் அதனை அடுத்த கெடா மாநிலத்திலும் வாழ்ந்த தமிழர், கள்ளோடு கொண்ட தொடர்பை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது குடியைப் போற்றும் கட்டுரை அன்று. குடியின் கேட்டினை விலக்க வேண்டுமாயின், அக்கேடு எவ்வாயில் வழியே நுழைந்தது என்பதை அறிதல் வேண்டும் என்பதே இதன் கருத்து.

சங்ககாலச் சாடி

வீட்டிலேயே மது வடிக்கும் முறை பற்றித் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூல், பத்துப்பாட்டுள் ஒன்றாகும். அதில் வலைஞர் குடியிருப்பை வருணிக்கும் பகுதியில், அரிசியிலிருந்து மது ஆக்கப்படும் முறை படிப்படியாகச் சொல்லப்படுகின்றது.

முதலில், அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். அடுத்து, அக்களியை அகன்ற வாயையுடைய தட்டில் பரப்பி ஆற விடுகின்றனர். பின்னர், புற்றினுள் இருக்கும் குரும்பியைப் போலத் தோன்றும் அடையை அதனோடு கலக்கின்றனர். இவ்வடை முளைத்த நெல்லை இடித்துச் செய்தது என்பர் உரைகாரர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய விடுகின்றனர். வலிய வாயையுடைய சாடியில் அதன் இளமை நீங்கி முற்றும்வரை விளையச் செய்து, இறுதியில் விரலால் அலைத்துப் பிழிந்து அரித்தெடுக்கின்றனர்.

இச்சிறு பகுதியில் வீண் சொல் ஒன்றேனும் இல்லை. இன்று வீட்டில் மது ஆக்குவோர்க்கு அறிவியலார் கூறும் எச்சரிக்கைகள் பல இதனுள் அடங்கியுள்ளன. களியை ஆற்றாமல் சூடாகவே அடையைக் கலந்தால், நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மடிந்து போகும். அகன்ற தட்டில் பரப்பினாலன்றிக் களியின் நடுப்பகுதி விரைவில் ஆறாது. முளைத்த நெல்லைச் சேர்க்காவிடில் மாவுப்பொருள் சருக்கரையாக மாறாது; சருக்கரை இல்லையேல் நொதிப்பு இல்லை. கால எல்லை குறைந்தால் இளமை நீங்காது. மிகுந்தால் புளிப்பு ஏறும். வலிய வாயுடைய சாடி, நொதிக்கும்போது எழும் வளியின் அழுத்தத்தைத் தாங்கும்; பொருந்த மூடினால் புறக்காற்றையும் தடுக்கும். காரணம் அறியாதிருந்தும், காரியத்தைப் பிழையின்றிச் செய்யும் பயிற்சி அம்மக்களிடம் இருந்தது என்பது இதனால் பெறப்படுகின்றது.

இதே தமிழ் மரபில்தான் திருவள்ளுவர் கள்ளுண்ணாமை என்னும் 93ஆம் அதிகாரத்தையும் வகுத்தார். ஆக்கும் முறையைப் பாட்டில் வைத்ததும் உண்ணுதலை அறத்தால் விலக்கியதும் ஒரே மொழிதான். இவ்விரண்டையும் ஒருங்கே கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இதில் முரண்பாடு தோன்ற வேண்டுவதில்லை.

பினாங்கின் அடுக்களைகள்

பெரும்பாணாற்றுப்படை கூறும் முறை பினாங்குத் தமிழ் மாணவனுக்குப் புதிதன்று. அவனுடைய அண்டை வீட்டார் அதனைப் போன்ற ஒன்றை இன்றும் செய்கின்றனர். மலாய்க்காரர் ஒட்டும் அரிசியைச் சமைத்து ஆற்றி, 'ராகி' என்னும் நொதிப்பு வில்லையைப் பொடித்துத் தூவி, மூடி வைத்துத் தாப்பாய் என்னும் இனிய பண்டம் செய்வர். இந்த ராகி நம் கேழ்வரகு அன்று. அரிசிமாவில் பூஞ்சையையும் நொதியத்தையும் வளர்த்து உலர்த்திய சிறு வட்டு ஆகும். சீனர் குடும்பங்களில் அரிசி மது ஆக்கிப் பிள்ளை பெற்ற தாய்க்கு உணவோடு சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அதற்கும் அத்தகைய வில்லையே துணை. தமிழர் முளைநெல்லால் செய்த பணியை இவர்கள் பூஞ்சையால் செய்கின்றனர் என்பதே வேறுபாடு.

தாப்பாய் செய்யும் மலாய் மூதாட்டியர் பல விலக்குகளைக் கடைப்பிடிப்பர். கையும் கலமும் தூய்மையாக இருத்தல் வேண்டும். எண்ணெய்ப் பசை ஒட்டக்கூடாது. இடையில் திறந்து பார்த்தலும் ஆகாது. இவ்விலக்குகளைச் சிலர் மூடநம்பிக்கை என ஒதுக்கக்கூடும். எனினும் அவற்றுள் பல, வேண்டாத நுண்ணுயிர் புகாமல் தடுக்கும் காவல்களே ஆகும்.

பாஸ்டரின் உருப்பெருக்கி

நொதிப்பின் குற்றங்களுக்குக் காரணம் கண்டவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர். 1856ஆம் ஆண்டில் லில் நகரில், பீட்ரூட் கிழங்கிலிருந்து சாராயம் வடிக்கும் ஆலைக்காரர் ஒருவர் தம் தொட்டிகள் சில புளித்துப்போவதாக முறையிட்டார். பாஸ்டர் நல்ல தொட்டியின் நீரையும் கெட்ட தொட்டியின் நீரையும் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். நல்லதில் உருண்டையான நொதியங்கள் இருந்தன. கெட்டதில் அவற்றினும் மிகச் சிறிய கோல் வடிவ உயிர்கள் திரண்டிருந்தன. மது கெடுவது தற்செயலன்று, வேண்டாத விருந்தாளி நுழைந்தமையால் விளைவது என்பது தெளிவாயிற்று. 1866ஆம் ஆண்டில் திராட்சை மதுவின் நோய்களைப் பற்றி அவர் தனி நூலே வெளியிட்டார். மதுவை மிதமாகச் சூடாக்கி அவ்வுயிர்களை அழிக்கும் முறையும் அவ்வாராய்ச்சியிலிருந்து பிறந்ததே. பின்னாளில் பாலைக் காக்கும் முறையாக உலகெங்கும் பரவி, அவர் பெயராலேயே அது வழங்கலாயிற்று.

தென்னம்பாளையும் கலயமும்

தமிழகத்தில் கள் என்றவுடன் பனையே பலர் நினைவுக்கு வரும். மலாயாவில் பனைக்கு ஈடாக நின்றது தென்னை. விரியாத தென்னம்பாளையை நாரால் இறுகக் கட்டி, சிறு கட்டையால் நாள்தோறும் மெல்லத் தட்டி, நுனியைக் கூரிய அரிவாளால் மெல்லியதாகச் சீவுவர். சில நாட்களில் சாறு கசியத் தொடங்கும். பாளையின் நுனியில் கலயத்தைக் கட்டிக் காலையும் மாலையும் இறக்குவர். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சீவினாலன்றி வாய் அடைத்துச் சாறு நின்றுவிடும். மரமேறுதல் உடல் வலிமை மட்டும் வேண்டும் தொழிலன்று. கண்ணும் கையும் நாள் தவறாத ஒழுங்கும் வேண்டும் தொழிலாகும்.

புதிதாகச் சொட்டும் சாறு தெளிந்தது, இனியது, நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்குவரை சருக்கரை உடையது. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் நொதிப்புத் தடைப்படும், அதுவே பதநீர். சுண்ணாம்பு இல்லையேல் கலயத்திலேயே நொதிப்புத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் நுரை எழும். ஒரு நாள் அளவில் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்குவரை சாராயச் சத்து உண்டாகும். அதற்குமேல் காற்றிலுள்ள உயிர்வளியின் துணையோடு காடி நுண்ணுயிர்கள் சாராயத்தைக் காடியாக மாற்றும். ஆகவே கள் என்பது நிலையான பொருளன்று. பதநீருக்கும் காடிக்கும் இடையே சில மணி நேரம் தங்கிச் செல்லும் ஒரு பருவம் என்று கொள்வதே பொருந்தும்.

இத்தன்மையை நோக்கின், கள்ளுக்கு நேரும் குற்றங்களை நான்காக வகுக்கலாம். முதலாவது, தூய்மையின்மை. பழைய கள்ளின் மண்டி ஒட்டிய கலயத்தைக் கழுவிச் சூடு காட்டாமல் மீண்டும் கட்டினால், முன்னாளின் புளிப்பு இன்றைய சாற்றுக்கும் ஏறும். ஈயும் எறும்பும் விழுந்த கலயமும் அத்தகையதே. இரண்டாவது, காலந்தாழ்த்தல். இறக்கியதற்கும் பருகுவதற்கும் இடையே வெயிலில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் அதனைக் காடியை நோக்கித் தள்ளும். மூன்றாவது, அடைக்கும் முறையில் பிழை. நொதிக்கும் நீரைப் புட்டியில் இறுக அடைத்தால் உள்ளே திரளும் கரியமில வளி மூடியைத் தெறிக்கச் செய்யும். புட்டியே வெடித்தலும் உண்டு. திறந்தே வைத்தால் காற்றுப் புகுந்து காடியாகும். நான்காவது, கலப்படம். முதல் மூன்றும் சுவையைக் கெடுப்பன. நான்காவது உயிரைக் கெடுப்பது. முதல் மூன்றும் கவனக் குறைவால் நேர்வன. நான்காவது கருதியே செய்வது.

ஆக்குபவனும் அருந்துபவனும் ஒரே வீட்டினராகவோ ஒரே ஊரினராகவோ இருக்கும்வரை நான்காவது குற்றத்திற்கு இடம் அரிது. இருவருக்கும் இடையே குத்தகையும் கடையும் புகுந்த பின்னரே அதற்கு வழி பிறந்தது. அவ்வழி பிறந்த கதையே மலாயாவின் கள் வரலாறு.

குத்தகையும் தோட்டக் கடையும்

1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். துறைமுகத்தில் சுங்கம் வாங்காமல் வணிகத்தை ஈர்ப்பது அக்குடியேற்றத்தின் கொள்கையாக இருந்தது. ஆட்சிச் செலவுக்கு வேறு வழி வேண்டுமன்றோ? அபினி, சாராயம், சூதாட்டம் முதலியவற்றை விற்கவோ நடத்தவோ உரிய தனியுரிமையை ஏலத்தில் விட்டுக் குத்தகைப் பணம் பெறும் முறை அவ்வகையில் வேரூன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்குத்தகைப் பட்டியலில் கள்ளும் இடம்பெற்றது. மக்களின் பழக்கம் அரசின் வருவாயாயிற்று. குடிப்போர் பெருகினால் குத்தகைதாரருக்கு ஆதாயம். குத்தகை உயர்ந்தால் ஆட்சிக்கு ஆதாயம். 1910ஆம் ஆண்டளவில் அபினிக் குத்தகை ஒழிந்து அரசே அவ்வணிகத்தை ஏற்றது. குத்தகைதாரர் மறைந்தாரேயன்றி, போதைப் பொருளின்வழி வருவாய் ஈட்டும் நோக்கம் மறையவில்லை.

செபராங் பிறை 1800ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வசமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்குக் கரும்புத் தோட்டங்கள் பெருகின; தமிழ்த் தொழிலாளர் ஒப்பந்தத்தில் கொணரப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பரவியது. தோட்டத்தின் எல்லைக்குள் லயன் வீடு, மளிகைக் கடை, கோவில், பள்ளிக்கூடம் ஆகியவற்றோடு கள்ளுக்கடையும் ஓர் உறுப்பாயிற்று. அந்திப்பொழுதில் வேலை முடிந்தவன் செல்லத்தக்க இடம் அது ஒன்றே என்னும் நிலை பல தோட்டங்களில் இருந்தது. காலையில் ஈட்டிய கூலியின் ஒரு பகுதி மாலையில் அதே தோட்டத்தின் கடைக்குத் திரும்பியது.

முதலாளிமார் இதற்கு ஒரு நியாயம் கூறினர். உரிமம் பெற்ற கள்ளை மறுத்தால் தொழிலாளி திருட்டுச் சம்சுவை நாடுவான். கள் அதனினும் கேடு குறைந்தது என்பது அந்நியாயம். அதில் உண்மையும் ஓரளவு இருந்தது. ஆயினும் கடை திறந்திருந்தமையால் சம்சு ஒழியவில்லை. கள் குடிப்பவனுக்குக் கடனும் குறையவில்லை. தூரத்துத் தென்னந்தோப்பிலிருந்து வண்டியில் வந்த கள் பல மணி நேரம் வெயிலில் நொதித்தது. மரமேறி யார், எப்போது இறக்கினான், எந்தக் கலயத்தில் இறக்கினான் என்பன அருந்துபவனுக்குத் தெரியா. சங்ககாலச் சாடியைக் காத்த கண்காணிப்பு இங்கே அறுந்துபோயிற்று.

எதிர்ப்பு எழுந்த வரலாறு

கள்ளுக்கு எதிரான உணர்ச்சி மலாயாவில் பரவுவதற்குத் தமிழகத்து நிகழ்ச்சிகளும் தூண்டுகோலாயின. 1921ஆம் ஆண்டில் காந்தியடிகளின் கள்ளுக்கடை மறியல் இயக்கத்தின்போது, பெரியார் ஈ.வெ. இராமசாமி தம் தோப்பிலிருந்த நூற்றுக்கணக்கான தென்னைகளை வெட்டச் செய்தார். அவருடைய மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலில் முன்னின்றனர். அப்பெரியாரே 1929ஆம் ஆண்டு டிசம்பரில் கப்பலேறிப் பினாங்குத் துறைமுகத்தில் வந்திறங்கினார். அவருடைய மலாயாப் பயணம் இங்குள்ள தமிழரிடையே சீர்திருத்த உணர்வுக்கு உரமூட்டியது. 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுதலும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. இது நுணுகி நோக்கத்தக்கது. கள்ளை வேண்டாம் என்றவர் தொழிலாளரே அன்றி, அவர்களைத் திருத்த வந்த துரைமார் அல்லர். குடிகாரர் என்று பழிக்கப்பட்ட மக்களே கடையை மூடச் சொன்னார்கள்.

போருக்குப் பின், பினாங்கை அடுத்த கெடா மாநிலத்தில் ஏ. எம். சாமி என்பாரின் தலைமையில் தொண்டர் படை தோன்றியது. பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் அப்படையினர் ஒழுங்குப் பயிற்சி பெற்றனர். கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். குடிப்பவரைத் தடுத்து நிறுத்தினர். 1947ஆம் ஆண்டில் இம்மறியல் போலீசாரோடு மோதலாக முடிந்து உயிரிழப்பும் நேர்ந்தது. படை கலைக்கப்பட்டது, தலைவர்கள் சிறைப்பட்டனர். அவர்கள் சில வேளைகளில் குடித்தவரை வன்மையாகத் தண்டித்தனர் என்பதும் மறைக்கத்தக்கதன்று. எனினும், தம் இனத்தின் கேட்டைத் தாமே களைய வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் அணிதிரண்ட வரலாறு அது. மாணவர் அதனை அறிதல் வேண்டும்.

சம்சுவும் மெத்தனாலும்

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது மக்கள் நகரை நோக்கிப் பெயர்ந்தனர். தோட்டக் கள்ளுக்கடைகள் படிப்படியாக அருகின. மரமேறும் தொழிலைப் பிள்ளைகள் கற்கவில்லை. அவ்விடத்தை நிரப்பியது மலிவு விலைச் சம்சு. பினாங்கில் 1969ஆம் ஆண்டில் தோன்றிய பயனீட்டாளர் சங்கம், எஸ். எம். முகமது இத்ரிஸ் தலைமையில், 2019இல் அவர் மறையும்வரையிலும் அதன் பின்னரும், இம்மலிவுச் சாராயத்தின் கேட்டைப் பற்றித் தமிழ் மக்களிடையே தொடர்ந்து பரப்புரை செய்து வந்துள்ளது.

இங்கே பலர் கொண்டுள்ள ஒரு தவற்றைத் திருத்துதல் வேண்டும். வீட்டில் நொதித்த மதுவே கண்ணைக் கெடுக்கும் என்று சிலர் கருதுகின்றனர். நொதிப்பில் மெத்தனால் மிகச் சிறிய அளவிலேயே உண்டாகும். அவ்வளவினால் கூட்டமாக மக்கள் மடிவதில்லை. பேரளவு உயிரிழப்புக்குப் பெரும்பாலும் காரணமாவது, தொழிற்சாலைப் பயனுக்குரிய மெத்தனாலை விலை மலிவு கருதிக் குடிநீரில் கலத்தலே. உடலுள் சென்ற மெத்தனால் பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். அருந்தியவுடன் வெறியன்றி வேறு அறிகுறி தோன்றாது. பல மணி நேரம் கழிந்த பின்னரே தலைவலியும் வாந்தியும் பார்வை மங்கலும் மூச்சிரைப்பும் தோன்றும். அவ்வேளையில் உறங்க விடாது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் ஒன்றே உயிர் காக்கும் வழி. சுவைத்துப் பார்த்தோ, முகர்ந்து பார்த்தோ, தீயிட்டுச் சுடரின் நிறம் பார்த்தோ நஞ்சை உறுதியாகக் கண்டறிய இயலாது. தீப்பரிசோதனையை நம்பி உயிரை ஒப்படைத்தல் பேதைமை.

2018ஆம் ஆண்டு செப்டம்பரில் மலேசியாவில், பெரும்பாலும் சிலாங்கூர் வட்டாரத்தில், மெத்தனால் கலந்த மதுவை அருந்தி நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருள் பலர் அயல்நாட்டுத் தொழிலாளர். 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழகத்தின் கள்ளக்குறிச்சியில் அறுபதின்மருக்கு மேற்பட்டோர் இவ்வாறே உயிரிழந்தனர். தமிழகத்தில் 1987ஆம் ஆண்டு தொடங்கிக் கள் இறக்குதல் தடுக்கப்பட்டுள்ளது. மலேசியாவில் கள் இறக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும். சட்டம் வேறு வேறாயினும் இறந்தவர் நிலை ஒன்றே. மலிந்த விலையில் வாங்கும் நிலையிலிருந்த கூலித் தொழிலாளரே இரு நாட்டிலும் பெரிதும் பலியாயினர். நூறாண்டுகளுக்கு முன் தோட்டக் கடையில் நின்ற தமிழனின் இடத்தில் இன்று வேறொரு நாட்டுக் கூலியாள் நிற்கின்றான்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில உண்மைகள் பெறப்படுகின்றன. நொதித்த பானத்திற்கு நேரும் குற்றங்கள் அழுக்கு, காலந்தாழ்த்தல், காற்று, கலப்படம் ஆகியவற்றால் வருவன. இவற்றுள் முதல் மூன்றை நம் முன்னோர் அடுக்களை அறிவால் விலக்கினர். பாஸ்டர் அதற்குக் காரணம் கண்டு கூறினார். நான்காவது குற்றம் அடுக்களையில் பிறக்கவில்லை. மனிதனின் தாகத்தை வருவாயாகக் கணக்கிட்ட குத்தகையிலும் கடையிலும் அது பிறந்தது. பினாங்கு வட்டாரத் தமிழரின் கள் வரலாற்றைக் குடிகாரரின் வரலாறாக மட்டும் எழுதுவது நீதியன்று. கூலியைக் கடைக்குக் கொடுத்தவரும், அக்கடையை மூடச் சொல்லி மறியல் செய்து சிறை சென்றவரும் ஒரே லயன் வீட்டினர்.

வகுப்பில் கள்ளுண்ணாமை அதிகாரத்தை நடத்தும் ஆசிரியர், பெரும்பாணாற்றுப்படையின் சாடியையும், 1947இன் தொண்டர் படையையும், மெத்தனாலின் அறிகுறிகளையும் அதனோடு சேர்த்துச் சொல்வாராயின், குறள் மாணவர் உள்ளத்தில் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் நின்றுவிடாது. மாலையில் வீடு திரும்பும் தந்தை பார்வை மங்குகின்றது என்று சொன்னால், உறங்கினால் சரியாகிவிடும் என்று எண்ணாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று அறிந்த ஒரு பிள்ளை அவ்வகுப்பில் இருப்பின், அப்பாடம் பயன் பெற்றதாகும்.